கணவாயிலிருந்து எபிசுவுக்கு

வளைவில் திரும்பும் காரின் பின்சக்கரங்கள் பிடி இழந்தால் அது விபத்தின் தொடக்கம். அதே பிடியிழப்பை ஓட்டுநர் தாமே வரவழைத்து, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, ஆக்ஸிலரேட்டரை அளந்து மிதித்து, வளைவு முடியும்வரை காரைப் பக்கவாட்டில் சறுக்கியபடியே கொண்டுசென்றால் அது ட்ரிஃப்டிங். ஜப்பானில் பிறந்த இந்த வித்தையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு பெயர்களைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஒரு வித்தையை ஒருவர் கண்டுபிடிக்கலாம். அதைக் கற்கவும், கற்பிக்கவும், கூடிநின்று பார்க்கவும் ஒரு சமூகம் உருவாவது எப்படி என்பதே என் கேள்வி.

அந்த இரண்டு பெயர்களையும் விட்டுவிட முடியாது. முதலாமவர் குனிமித்சு தகஹாஷி. 1961இல் ஹாக்கன்ஹைமில் நடந்த மேற்கு ஜெர்மனி கிராண்ட் பிரீயில் ஹோண்டாவின் 250 சிசி வண்டியை ஓட்டி வென்றவர். மோட்டார்சைக்கிள் கிராண்ட் பிரீ ஒன்றில் வென்ற முதல் ஜப்பானியர் அவரே. மறுஆண்டு ஐல் ஆஃப் மேனில் படுகாயமுற்றுப் பின்னர் கார் பந்தயத்துக்கு வந்தார். 1970களின் தொடக்கத்தில் நிஸான் ஸ்கைலைனை வளைவுக்குள் மிகுந்த வேகத்தில் செலுத்தி, சறுக்கியபடியே வெளியே கொண்டுவரும் அவருடைய பாணியைப் பார்க்கவே கூட்டம் வந்தது. அவருக்கு அது காட்சியன்று. அன்றைய டயர்களை வைத்துக்கொண்டு வேகத்தை இழக்காதிருக்க ஒரு வழி. அதைக் காட்சியாகக் கண்டவர்கள் பார்வையாளர்கள்.

அந்தப் பாணியில் மனம் பறிகொடுத்தவர்களுள் ஒருவர் நாகானோ மாநிலத்தைச் சேர்ந்த கெய்ச்சி ட்சுச்சியா. 1956இல் பிறந்தவர். குன்மாவுக்கும் நாகானோவுக்கும் இடைப்பட்ட உசுய் கணவாயின் கொண்டையூசி வளைவுகளே அவருக்குப் பள்ளிக்கூடம். 1987இல் வெளியான 'ப்ளஸ்பி' என்ற வீடியோவில் தம் டொயோட்டா ஏ.இ.86 காரை அதே மலைப்பாதையில் ஓட்டிக் காட்டினார். அதைப் பார்த்து ஊர்தோறும் இளைஞர்கள் மலையேறினார்கள்.

மலையேறியவர்களை ஜப்பானிய மொழியில் 'ஹாஷிரியா' என்பார்கள். ஓடுகிறவர்கள் என்று பொருள் கொள்ளலாம். பகலில் பட்டறையிலோ கடையிலோ வேலை பார்த்துவிட்டு, நள்ளிரவுக்குமேல் கணவாய்க்குச் செல்பவர்கள். அவர்களிடம் பணம் கிடையாது. 1983 முதல் 1987 வரை தயாரிக்கப்பட்ட ஏ.இ.86, எடை குறைந்த, பின்சக்கரங்களால் உந்தப்படும் சாதாரணக் கார்; பழையதாக வாங்கினால் கட்டுப்படியாகும். 1988இல் வந்த நிஸான் சில்வியாவும் பின்னாளில் அப்படியே கைக்கு எட்டியது. ஒவ்வொரு கணவாய்க்கும் ஒரு குழு, ஒவ்வொரு குழுவுக்கும் காரின் கண்ணாடியில் ஒட்டும் ஒரு பெயர். எந்த வளைவில் ஹேண்ட் பிரேக்கை இழுக்க வேண்டும், எங்கே கிளட்சை உதைக்க வேண்டும் என்பதை மூத்தவர் இளையவருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து சொல்லித்தந்தார். வளைவோரம் நின்று பார்க்கும் கூட்டத்துக்கு 'கேலரி' என்று பெயர்.

இதை ஒரு பொற்காலமாகச் சித்திரிப்பது எளிது. 1995இல் தொடங்கிய ஷுய்ச்சி ஷிகெனோவின் 'இனிஷியல் டி' சித்திரக்கதை அதைத்தான் செய்தது, அழகாகவும் செய்தது. ஆனால் அது பொதுச்சாலை. எதிரே வருபவர் இந்த ஆட்டத்துக்கு உடன்பட்டவர் அல்லர். மலையில் பிழைக்கு மலிவான தண்டனை கிடையாது: ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஊர்க்காரர்கள் புகார் சொன்னார்கள், காவல்துறை வந்தது, சாலையில் அதிர்வுத் திட்டுகளும் நடுக்கோட்டுக் கம்பங்களும் முளைத்தன. அந்த நிலையிலேயே நின்றிருந்தால் ட்ரிஃப்டிங் ஒரு தலைமுறையின் குறும்பாக, காவல்நிலையப் பதிவேடுகளில் முடிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அப்படி முடியாமற்போனதற்கு முதற்காரணம் ஒரு பத்திரிகை. டெய்ஜிரோ இனாடா 1981இல் தொடங்கிய 'ஆப்ஷன்', காரைப் பிரித்து மாற்றிக்கட்டுவோருக்கான ஏடு. நம் சிற்றிதழ்களோடு இதை ஒப்பிட மனம் தாவுகிறது. ஆனால் பளபளப்பும் விளம்பரமும் நிறைந்த வணிக ஏடு அது. எனினும் சிதறிக்கிடந்த தனியர்களுக்கு ஒருவரையொருவர் அறிமுகப்படுத்திய வகையில் உறவு உண்டு. அது நடத்திய 'இக்காட்டென்' என்ற போட்டியில் கவனிக்க வேண்டியது, அது குழுக்களுக்கான போட்டி என்பது. முதலில் வருபவர் யார் என்பது கேள்வியே அன்று. கார்கள் ஒன்றையொன்று உரசும் அளவுக்கு நெருங்கி ஒரே சீராகச் சறுக்குகின்றனவா என்று நடுவர்கள் பார்த்தார்கள். நிறுத்தக் கடிகாரத்தால் அளக்க முடியாத ஒன்றை அளக்க ஒரு மொழி தேவைப்பட்டது. கோணம், வேகம், பாதை என்ற சொற்கள் அவ்வாறே நிலைபெற்றன. நடுவர் சொல்லும் குறையை ஓட்டுநர் ஊருக்கு எடுத்துச்சென்றார்; அடுத்த ஆண்டுவரை அதையே பழகினார்.

இரண்டாவது காரணம் நிலம். ஃபுகுஷிமா மாநிலம் நிஹொன்மத்சுவில், ஒரு வனவிலங்குப் பூங்காவை ஒட்டிய மலைச்சரிவில் இருக்கிறது எபிசு சர்க்யூட். ஒரு பெரிய ஓடுபாதைக்குப் பதிலாகச் சிறிதும் பெரிதுமாகப் பல பாதைகள். பெரும்பாலான பந்தயத்தளங்கள் ட்ரிஃப்ட்காரர்களைத் தொல்லையாகக் கருதிய காலத்தில் எபிசு அவர்களை வரவேற்றது. அதை நடத்திய நொபுஷிகே குமகுபோ, தாமே ட்ரிஃப்ட் ஓட்டுபவர். தெற்குப் பாதையில் கார் ஒரு மேட்டைத் தாண்டிக் குதித்து, சுவரை ஒட்டிச் சறுக்க வேண்டும். துணிந்தவர்களுக்கு அது. 'குருகுரு லேண்ட்' என்ற இடமோ, புதியவர்கள் வண்டியை வட்டமாகச் சுழற்றிப் பழகுவதற்கு. இந்த இரண்டாவது இடமே முக்கியமானது என்று நினைக்கிறேன். அங்கே நூறுமுறை கார் திரும்பி நின்றாலும் தேய்வது டயர் மட்டும். ஆண்டுக்கு மூன்றுமுறை நடக்கும் 'ட்ரிஃப்ட் மத்சுரி' திருவிழாவில் பரிசும் கிடையாது, நடுவரும் கிடையாது. தேர்ந்தவரும் நேற்று வந்தவரும் ஒரே பாதையில் இரவும் பகலும் ஓட்டுகிறார்கள்.

2000 அக்டோபரில் இனாடாவும் ட்சுச்சியாவும் தொழில்முறை ஓட்டுநர்களுக்கான முதல் போட்டியை நடத்தியதும் எபிசுவில்தான். அடுத்த ஆண்டு அது டி1 கிராண்ட் பிரீ என்ற தொடராயிற்று. 2002இல் பட்டம் வென்ற கட்சுஹிரோ உவேயோ ஓட்டியது ஏ.இ.86, மலையிலிருந்து வந்த ஏழைக்காருக்குக் கிடைத்த கடைசிப் பெரிய மரியாதை அது எனலாம். 2006இல் குமகுபோவே பட்டம் வென்றார். அதற்குள் அமெரிக்காவில் ஃபார்முலா ட்ரிஃப்ட் தொடங்கியிருந்தது, ஹாலிவுட்டும் வந்து சேர்ந்திருந்தது. விளைவு கலவையானது. எஞ்சின்களின் ஆற்றல் ஏறிக்கொண்டே போனது, டயர் நிறுவனங்களின் ஆதரவின்றி மேல்மட்டத்தில் நிற்பது கடினமாயிற்று. பழைய காராகக் கேட்பாரற்றுக் கிடந்த ஏ.இ.86 சேகரிப்பாளர்களின் பொருளானது. பட்டறையில் வேலை பார்க்கும் இளைஞருக்கு ஹாஷிரியா மரபின் காரே இன்று எட்டாத விலை.

2021 பிப்ரவரி 13 இரவு ஃபுகுஷிமா கடற்பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் எபிசுவின் சரிவு ஒன்று இடிந்து, ட்ரிஃப்ட் பாதையை மண்ணால் மூடியது. எஞ்சிய பாதைகளில் ஓட்டம் நின்றுபோகவில்லை. தகஹாஷி 2022இல் காலமானார். 1995இல் லெ மான் பந்தயத்தில் ஜிடி2 பிரிவை வென்ற ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரை முறைவைத்து ஓட்டிய மூவரில் அவர் ஒருவர், அகிரா ஈடா இன்னொருவர்; மூன்றாமவர், இளமையில் அவர் பாணியைப் பார்த்துக் கற்ற ட்சுச்சியா.