கொல்கத்தாவின் குழாய் மூட்டுகள்

கொல்கத்தாவின் குடிநீர் வரலாற்றை எழுதுகிறவர்கள் தாலா தொட்டியில் தொடங்கி, பெரும்பாலும் அங்கேயே முடித்தும் விடுகிறார்கள். 110 அடி உயரத்தில், 90 லட்சம் கேலன் கொள்ளளவோடு நிற்கும் இரும்புத் தொட்டி யார் கண்ணுக்கும் தப்பாது. 1909 நவம்பரில் துணைநிலை ஆளுநர் எட்வர்டு பேக்கர் அடிக்கல் நாட்டினார். 1911 மே மாதம் தொட்டி பயன்பாட்டுக்கு வந்தது. உள்ளே நான்கு அறைகள் இருப்பதால், ஒன்றைக் காலி செய்து கழுவும்போதும் மற்றவற்றிலிருந்து ஊருக்கு நீர் போய்க்கொண்டிருக்கும். வியக்கத்தக்க கட்டுமானம்தான். ஆனாலும், அந்த ஊர்க்காரர் குடிக்கும் தண்ணீரின் தலையெழுத்து தொட்டியில் எழுதப்படவில்லை என்பதே என் வாதம். அது மண்ணுக்கடியில் உள்ள மூட்டுகளிலும், வால்வுகளிலும், பெருங்குழாயிலிருந்து வீட்டுக்கு நீரைப் பிரிக்கும் விரல் பருமனுள்ள பித்தளை ஃபெரூலிலும் எழுதப்பட்டது.

சுத்திகரித்த நீர் நகருக்கு வந்தது 1870இல். வடக்கே சுமார் 22 கிலோமீட்டர் தொலைவில், பாரக்பூரை அடுத்த பல்தாவில் ஹூக்ளி நீரைத் தெளியவிட்டு, மணலில் வடிகட்டி, 42 அங்குல வார்ப்பிரும்புக் குழாயில் நாளொன்றுக்கு 60 லட்சம் கேலன் அனுப்பினார்கள். (சென்னைக்குச் செங்குன்றம் ஏரி நீர் வந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து.) ஒரு குழாய் 12 அடி நீளம் என்று வைத்துக்கொண்டாலும் அந்த வழியில் ஆறாயிரம் மூட்டுகள் வரும். வார்ப்பிரும்புக் குழாயின் மூட்டு என்பது, ஒன்றின் வாயில் மற்றொன்றின் முனையைச் செருகி, இடைவெளியில் நார்க்கயிற்றைத் திணித்து, உருக்கிய ஈயம் ஊற்றி, உளியால் அடித்து இறுக்குவது. கங்கைச் சமவெளியின் இளகிய வண்டல் மண் அமுங்கும்போதும், மேலே வண்டிகள் அதிரும்போதும் முதலில் நெகிழ்வது ஈயந்தான். அந்தக் காலத்தில் உதிரிபாகத்தை உற்றுப் பார்த்தவர்களும் இருந்தார்கள்: வைதீக இந்துக்கள். குழாய்த் திருகுக்குள் தோல் வாஷர் இருக்கிறதே, அந்த நீரை எப்படிக் குடிப்பது என்று தயங்கினார்கள். தயக்கத்தின் காரணம் ஆசாரம்; ஆனால் நீரின் தூய்மையைக் கடைசி அங்குலத்தில் தேடிய வகையில், பொறியாளர்களைவிட அவர்களே சரியான இடத்தைப் பார்த்தார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

1861இல் பிறந்த ரவீந்திரநாத் தாகூர் தம் நினைவுநூலான ‘ஜீவன்ஸ்மிருதி’யில், குழாய் வந்த புதிதில் தந்தையின் மூன்றாம் மாடிக் குளியலறை வரை நீர் ஏறியதைக் குறிப்பிடுகிறார், அந்தத் தாராளம் பிறகு வங்காளிப் பகுதிகளுக்குக் குறைந்துபோனதையும் குத்தலாகச் சுட்டுகிறார். இழந்த அந்த அழுத்தத்தை மீட்கக் கட்டியதுதான் தாலா. 110 அடி உயர நீர் சதுர அங்குலத்துக்குச் சுமார் 48 பவுண்டு அழுத்தம் தரும். வழியில் அதைத் தின்பது உராய்வு. அதே அளவு நீர் பாதி விட்டமுள்ள குழாயில் ஓடினால் அழுத்த இழப்பு ஏறக்குறைய 32 மடங்காகும். துருவேறிச் சுருங்கிய குழாயிலும் இதே கணக்குத்தான். குளிர்நாடுகளில் வெப்பப் பம்பு வைத்து வெந்நீர்க் குழாய்களால் வீட்டைச் சூடாக்குகிறவர்கள் ஒவ்வொரு வளைவுக்கும் வால்வுக்கும் இழப்பைக் கணக்கிடுவது இதனால்தான்: பம்பு தரும் நீர் மிதமான சூடுதான், ஆகவே நிறைய நீர் தடையின்றி ஓட வேண்டும். ஆனால் அது மூடிய சுற்று. அழுத்தம் எப்போதும் உள்ளே நிற்கிறது, மூட்டு கசிந்தால் நீர் வெளியேதான் போகும். நகரக் குழாயிலும் அழுத்தம் இருக்கும்வரை அப்படித்தான். விநியோகம் சில மணி நேரமாகச் சுருங்கியதும் கதை தலைகீழாகிறது. நீர் நின்ற நேரத்தில் குழாய் வெறுமையாகி, அருகில் ஓடும் சாக்கடை நீர் அதே நெகிழ்ந்த மூட்டு வழியாக உள்ளே வருகிறது. அழுத்தம் போதாதவர்கள் நிலத்தடித் தொட்டி கட்டி (சென்னையில் நாம் சம்ப் என்பது) இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சினால், அழுக்கையும் சேர்த்து இழுப்பார்கள்.

இதற்குள்ள வலுவான மறுப்பு மக்கள்தொகை. 1947க்குப் பிறகு வந்த அகதிகளையும் அதன்பின் பெருகிய நகரையும் எந்த மூட்டு தாங்கும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, பற்றாக்குறை மெய்யானது. ஆனால் அளவு மட்டுமே காரணம் என்றால் பல்தாவை விரிவாக்கியபோதெல்லாம் குறை தீர்ந்திருக்க வேண்டும். இன்று நகரின் சராசரி நபர்வாரி வழங்கல் தேசிய அளவுகோலான 135 லிட்டரைத் தாண்டுகிறது. இருந்தும் தெருமுனை ‘டைம் கோல்’ குழாய்களில் நேரம் பார்த்துக் குடம் வைக்கும் பேட்டைகள் உள்ளன. சராசரியில் இருக்கும் நீர் குடத்துக்கு வராததற்குக் காரணத்தைப் பல்தாவுக்கும் குடத்துக்கும் நடுவில்தான் தேட வேண்டும்.

நகரத்துக்கு இன்னொரு குழாய் வலையும் உண்டு. மல்லிக் காட், வாட்கஞ்ச் நிலையங்கள் வடிகட்டாத ஹூக்ளி நீரைத் தனிக் குழாயில் இறைத்து, தெருக் கழுவவும் கழிவறைக்கும் தீயணைக்கவும் கொடுத்தன. 1884இல் காலரா கிருமியைக் கொல்கத்தாவின் குளத்து நீரில் ராபர்ட் கோச் கண்டதற்குப் பிறகும் இந்த இரண்டாம் வலை தொடர்ந்தது. வீட்டில் குழாய் இல்லாதவர் தெருவில் பீறிட்ட அந்த நீரில் குளித்தார், பாத்திரம் கழுவினார், வேறு வழியில்லாதபோது குடித்தார். 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு வந்து போனதையும், 1961இல் பெருநகரத் திட்ட அமைப்பு தோன்றியதையும் இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். இரட்டைக் குழாய் சிக்கனமான யோசனைதானே, இன்று உலகமே பரிந்துரைக்கிறதே என்பார்கள். ஹாங்காங் 1950களிலிருந்து கடல்நீரால் கழிவறைகளைக் கழுவுகிறது, உண்மை. அங்கே உப்பே காவல். தவறிக் குடித்தவர் உடனே துப்பிவிடுவார். இடம் மாறி இணைத்த குழாயையும் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். ஹூக்ளியின் நன்னீருக்கு அப்படியொரு காவல் கிடையாது. இரண்டு வலைகளும் ஒரே தெருவில், ஒரே மண்ணில், ஒரே வகை ஈய மூட்டுகளோடு பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. எது எதில் கசிகிறது என்பதை மேலிருந்து யாராலும் சொல்ல முடியாது.