வில்லியம் கம்குவாம்பா

வில்லியம் கம்குவாம்பா (பிறப்பு: ஆகஸ்ட் 5, 1987) தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியைச் சேர்ந்த புத்தாக்கரும் எழுத்தாளரும் ஆவார். கட்டணம் செலுத்த இயலாமல் பள்ளியை விட்டு நின்ற இவர், ஊர் நூலகத்தில் கிடைத்த பாடநூல்களைக் கொண்டு 2002 ஆம் ஆண்டில் தம் வீட்டுக்கு மின்சாரம் தரும் காற்றாலை ஒன்றைக் கட்டினார். பழைய இரும்புக் கிடங்கில் பொறுக்கிய பொருட்களே அதன் உறுப்புகள். இவருடைய வாழ்க்கை, பேண்தகு பொறியியலில் ஈடுபட விரும்பும் மாணவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டாகப் பல நாடுகளில் சுட்டப்படுகின்றது.

பின்னணி

கம்குவாம்பா மலாவியின் நடுப்பகுதியில், கசுங்கு நகருக்கு அண்மையில் உள்ள விம்பே வட்டாரத்தின் மசிட்டாலா என்னும் சிற்றூரில் வளர்ந்தார். இவருடன் பிறந்தவர்கள் அறுவரும் பெண்கள். குடும்பத் தொழில் வேளாண்மை. மக்காச்சோளம் உணவுப் பயிராகவும் புகையிலை பணப் பயிராகவும் விளைவிக்கப்பட்டன. நீர்ப்பாசன வசதி இல்லாததால் ஆண்டுக்கு ஒரு போகம் மட்டுமே சாத்தியம். அதுவும் மழையை நம்பியது.

அக்காலத்தில் மலாவியின் ஊரகப் பகுதிகளில் மிகச் சில வீடுகளுக்கே மின் இணைப்பு இருந்தது. பொழுது சாய்ந்தபின் படிப்பதற்கு மண்ணெண்ணெய் விளக்கே துணை. மண்ணெண்ணெய்க்கும் பணம் வேண்டும் என்பதால் பெரும்பாலோர் இருட்டியவுடன் உறங்கிவிடுவர். சிறுவயதிலேயே பழுதான வானொலிப் பெட்டிகளைப் பிரித்துச் சரிசெய்யும் பழக்கம் கம்குவாம்பாவுக்கு இருந்தது. மிதிவண்டியை மிதிக்கும்போது டைனமோ விளக்கை எரியச் செய்வது எவ்வாறு என்ற கேள்வியும் இவருக்கு அப்போதே எழுந்தது.

பஞ்சமும் பள்ளியிலிருந்து விலகலும்

2001-02 ஆம் ஆண்டுகளில் மலாவியில் கடும் பஞ்சம் ஏற்பட்டது. வெள்ளம், வறட்சி ஆகியவற்றால் விளைச்சல் குன்றியது. அரசின் சேமக் கையிருப்பில் இருந்த தானியம் முன்னரே விற்கப்பட்டிருந்ததால், தட்டுப்பாட்டைச் சமாளிக்க வழியில்லாமல் மக்காச்சோளத்தின் விலை பன்மடங்கு உயர்ந்தது. கம்குவாம்பாவின் குடும்பம் நாளுக்கு ஒரு வேளை, அதுவும் சில வாய் நிசிமா மட்டுமே உண்டு உயிர் பிழைத்தது. நிசிமா என்பது மக்காச்சோள மாவில் கிண்டப்படும் களி ஆகும்.

மலாவியில் 1994 முதல் தொடக்கக் கல்விக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இடைநிலைக் கல்விக்கு அக்காலத்தில் கட்டணம் இருந்தது. கச்சொகோலோ இடைநிலைப் பள்ளியில் அப்போதுதான் சேர்ந்திருந்த கம்குவாம்பா, கட்டணம் செலுத்த இயலாமையால் விலக நேர்ந்தது. அப்போது இவருக்கு 14 அகவை. அதன்பின் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இவர் முறையான பள்ளிக்குச் செல்லவில்லை.

நூலகம்

வகுப்புத் தோழர்களை விடப் பின்தங்கிவிடக்கூடாது என்பதற்காக, விம்பே தொடக்கப் பள்ளியில் இருந்த சிறு நூலகத்துக்கு இவர் செல்லத் தொடங்கினார். அங்கிருந்தவற்றுள் பல, நன்கொடையாக வந்த அயல்நாட்டு ஆங்கில நூல்கள். ஆங்கிலம் இவருக்கு நன்கு பழகியிராத மொழி. எனவே முதலில் படங்களையும் விளக்க வரைபடங்களையும் உற்று நோக்கி, பின்னர் அவற்றைச் சுற்றியிருந்த சொற்களின் பொருளைத் தேடி அறிந்தார். மின்காந்தம், மின்னோட்டம் ஆகியன பற்றி இவ்வாறே கற்றார். "யூசிங் எனர்ஜி" என்ற அமெரிக்கப் பள்ளிப் பாடநூலின் அட்டையில் காற்றாலைகளின் படம் இருந்தது. காற்றாலையால் மின்சாரம் ஆக்கவும் நீர் இறைக்கவும் முடியும் என்பதை அந்நூலிலிருந்து அறிந்தார். நீர் இறைக்க முடிந்தால் இரண்டாம் போகம் விளைவிக்கலாம், பஞ்சத்தைத் தாங்கலாம் என்பதே இவர் கண்ட பயன்.

காற்றாலையின் அமைப்பு

அந்நூலில் செய்முறை எதுவும் தரப்பட்டிருக்கவில்லை. கிடைத்த பொருளுக்கு ஏற்ப வடிவமைப்பை இவரே அமைத்துக்கொண்டார்.

* கோபுரம்: யூக்கலிப்டஸ் மரக் கம்புகள். முதலில் உயரம் ஏறத்தாழ 5 மீட்டர்.
* சுழலகம்: டிராக்டரின் குளிர்விப்பு விசிறி. அதனுடன் பி.வி.சி. குழாயைப் பிளந்து, சூடாக்கித் தட்டையாக்கிய இறக்கைகள் பொருத்தப்பட்டன.
* தண்டு: வண்டியின் அதிர்வுத் தாங்கியிலிருந்து எடுக்கப்பட்டது.
* சட்டகமும் செலுத்தமும்: பழைய மிதிவண்டியின் சட்டகம், சங்கிலி, பின்சக்கரம்.
* மின்னாக்கி: மிதிவண்டி டைனமோ. இதை நண்பர் ஒருவர் தம் பணத்தில் வாங்கித் தந்தார்.

துளையிடும் கருவி இல்லாததால், ஆணியைத் தீயில் பழுக்கக் காய்ச்சித் துளையிட்டார். மக்காச்சோளக் கதிரின் தக்கையே அந்த ஆணிக்குக் கைப்பிடி. குப்பி மூடிகள் வாசர்களாகப் பயன்பட்டன. குப்பைமேட்டில் பொருள் பொறுக்கும் இவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என ஊரார் நகைத்தனர். முதல் விளக்கு எரிந்தபின் அவர்களே காண வந்தனர். பின்னர் நான்கு விளக்குகளும் இரண்டு வானொலிகளும் இயங்கின. அக்கம்பக்கத்தார் செல்பேசிகளுக்கு மின்னேற்றிக்கொள்ளவும் வந்தனர்.

கூரை வேயப்பட்ட வீட்டில் மின்கசிவு தீவிபத்தாக முடியலாம். இதைத் தவிர்க்க இவர் ஒரு மின்சுற்று முறிப்பானையும் செய்தார். ஆணிகளில் செப்புக் கம்பி சுற்றிய மின்காந்தங்களும் ஒரு காந்தமும் கொண்ட இக்கருவி மின்மணியின் தத்துவத்தைப் பின்பற்றியது. மின்னோட்டம் மிகும்போது மின்காந்தத்தின் விசை கூடி, தொடுமுனை விலகி, சுற்று தானே அறுபடும்.

செயற்படும் முறை

இறக்கைகள் மெதுவாகச் சுழலும். டைனமோவோ விரைவாகச் சுழன்றால்தான் போதிய மின்னழுத்தம் தரும். மிதிவண்டியின் பெரிய முன்பற்சக்கரம் சிறிய பின்பற்சக்கரத்தைச் சங்கிலி வழியாகச் சுழற்றும்போது வேகம் கூடுகின்றது. பின்சக்கரத்தின் டயர் டைனமோவின் சிறு உருளையை உரசிச் சுழற்றும்போது மேலும் பன்மடங்காகின்றது. பெரிய காற்றாலைகளில் பற்சக்கரப் பெட்டி செய்யும் வேலையை இங்கு மிதிவண்டியே செய்தது.

காற்றில் உள்ள திறன், சுழலகம் வீசும் பரப்புக்கு நேர் விகிதத்திலும் காற்றின் வேகத்தின் மும்மடிக்கு நேர் விகிதத்திலும் இருக்கும். வேகம் இருமடங்கானால் திறன் எட்டு மடங்காகும். எடுத்துக்காட்டாக, 2 மீட்டர் விட்டமுள்ள சுழலகத்தின் ஊடாக நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் அதில் உள்ள திறன் ஏறத்தாழ 120 வாட். பெட்சு வரம்பின்படி அதில் 59.3 விழுக்காட்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 71 வாட்டுக்கு மேல், எந்தச் சுழலியாலும் பெற இயலாது. மிதிவண்டி டைனமோ தருவது இதிலும் மிகக் குறைவு. எனவே இத்தகைய அமைப்பு விளக்குக்கும் வானொலிக்கும் போதுமே தவிர, நீர் இறைக்கப் போதாது.

நிலத்தை ஒட்டி மரங்களாலும் வீடுகளாலும் காற்று தடைப்படும். இதனால் காற்றாலையின் உயரம் பின்னர் 12 மீட்டராகக் கூட்டப்பட்டது. திறந்த வெளியில் கூட, 5 மீட்டரிலிருந்து 12 மீட்டருக்குச் சென்றால் காற்றின் வேகம் ஏறத்தாழ 13 விழுக்காடும் அதன் திறன் ஏறத்தாழ 45 விழுக்காடும் உயரும் எனக் கணக்கிடலாம்.

மீண்டும் கல்வி

2006 இல் மலாவியின் "டெய்லி டைம்சு" நாளிதழில் இக்காற்றாலை பற்றிய செய்தி வெளியானது. அது வலைப்பதிவுகள் வழியாகப் பரவி, 2007 இல் தன்சானியாவின் அருசா நகரில் நடைபெற்ற டெட் குளோபல் மாநாட்டில் பேச இவர் அழைக்கப்பட்டார். அங்கு அறிமுகமானவர்களின் உதவியால் இவருடைய கல்வி மீண்டும் தொடங்கியது. மலாவியில் பள்ளிக் கல்வியைத் தொடர்ந்தபின், தென்னாப்பிரிக்காவில் உள்ள ஆப்பிரிக்கத் தலைமைத்துவக் கழகத்தில் பயின்றார். 2010 இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் சேர்ந்து, சுற்றுச்சூழல் கல்வியில் 2014 இல் பட்டம் பெற்றார்.

பிற்காலப் பணிகள்

பின்னர் இவர் ஊரில் சூரிய ஆற்றலால் இயங்கும் நீரேற்றி ஒன்றையும் வேறு காற்றாலைகளையும் அமைத்தார். அந்நீரேற்றியால் ஊருக்குத் தூய குடிநீர் கிடைத்தது. இவர் தோற்றுவித்த "மூவிங் விண்ட்மில்சு" திட்டம், தாம் பயின்ற விம்பே தொடக்கப் பள்ளியைப் புதுப்பித்தல் முதலான பணிகளில் ஈடுபட்டது.

நூலும் திரைப்படமும்

பிரையன் மீலருடன் இணைந்து கம்குவாம்பா எழுதிய தன்வரலாறு 2009 இல் வெளிவந்தது. அதன் ஆங்கிலத் தலைப்புக்குக் "காற்றை வசப்படுத்திய சிறுவன்" என்பது பொருள். இவரைப் பற்றிய ஆவணப்படம் 2013 இல் வெளிவந்தது. சிவெட்டல் எஜியோஃபோர் இயக்கி, தந்தையாக நடித்த திரைப்படம் 2019 இல் வெளியானது. திரைப்படத்தில் காற்றாலை நீர் இறைத்துப் பஞ்சத்திலிருந்து ஊரை மீட்கின்றது. உண்மையில் முதற் காற்றாலை விளக்கு எரிக்கவே பயன்பட்டது. நீரேற்றி பல ஆண்டுகள் கழித்தே வந்தது.

பேண்தகு பொறியியல் நோக்கில்

உள்ளூரில் கிடைக்கும் பொருள், உள்ளூரிலேயே பழுது நீக்கும் வாய்ப்பு, எரிபொருள் செலவின்மை ஆகியன இக்காற்றாலையின் சிறப்புகள். அயலார் அமைத்துத் தரும் கருவிகள் ஓர் உதிரிப்பாகம் பழுதானாலும் கைவிடப்படுவதுண்டு. தானே செய்தவருக்கு அதைத் திருத்தவும் தெரியும்.

எனினும் இவ்வரலாற்றை, வறுமை கல்விக்குத் தடையன்று என்பதற்குச் சான்றாகக் கொள்வது பொருந்தாது. கட்டணம் இல்லாமையால் பள்ளியை விட்டு நின்ற மாணவர் பலர். அவர்களுள் உலகின் பார்வையில் பட்டவர் மிகச் சிலரே. செய்தித்தாளில் பெயர் வருவதற்கு முன் நான்கு ஆண்டுகள், காற்றாலை கட்டிய மாணவர் ஒருவர் பள்ளிக்கு வெளியே இருந்தார் என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும். நடந்தவற்றுள் மிகக் குறைந்த செலவில் வேறிடங்களிலும் செய்யக்கூடியது, ஊர்ப் பள்ளியில் சில அறிவியல் நூல்களுடன் ஒரு நூலகத்தைத் திறந்து வைத்ததே.

இவற்றையும் பார்க்க

* காற்றுத் திறன்
* பேண்தகு வளர்ச்சி
* பெட்சு வரம்பு
* மலாவி