அமோனியாவை மண்ணுக்குள் அனுப்பியவர்கள்

1973 எண்ணெய் நெருக்கடி என்றதும் ஒபெக், டொலர், மத்திய கிழக்கு என்றுதான் நாங்கள் படிக்கிறம். அதே நெருக்கடிக்குச் சாணக் குவியலை வைத்துப் பதில் தேடின ஆக்களும் இருந்தார்கள்.

யோசனை பழசு. 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் தோட்டக்காரர் குதிரைச் சாணத்தைப் பரப்பி, மேலே மண் போட்டு, கண்ணாடியால் மூடிப் பனிக்காலத்திலும் சலாது இலை விளைவித்தார்கள். முதல் கொதி அடங்கும்வரை நடமாட்டார்கள். மோட்டார் வண்டி வர நகரத்தில் குதிரைகள் குறைந்தன, சாணமும் போச்சு.

1983இல் மசாசூசெட்ஸின் கேப் கொட்டில் நியூ அல்கெமி இன்ஸ்ரிரியூட் இதையே பசுமை இல்லத்துக்குள் கொண்டுவந்தது. எரு பக்கத்து அறையில் வேகும். மின்விசிறி அந்தச் சூட்டுக் காற்றைப் பயிருக்குத் தள்ளும். வெப்பமும் காபனீரொட்சைட்டும் சும்மா கிடைக்கும். ஆனால் கூடவே அமோனியா வரும். சாணம் புளிக்கும் கொட்டிலுக்குள் நின்றவைக்குக் கண் எரிவு தெரியும். மெல்லிய இலைகள் அதில் கருகிப்போகும்.

புறூஸ் ஃபுல்ஃபோர்டும் கூட்டாளிகளும் செய்தது எங்களுக்குப் பிடித்த பகுதி. விலை கூடின வடிகட்டி ஒன்றும் வாங்கவில்லை. துளையிட்ட குழாய்களைப் பாத்திகளுக்கு அடியில் புதைத்து, காற்றை மண்ணுக்குள்ளால் மேலே வரவிட்டார்கள். மண்ணின் ஈரம் அமோனியாவைக் கரைத்துப் பிடித்தது. மண்ணில் ஏற்கனவே வாழும் பற்றீரியாக்கள் அதை முதலில் நைத்திரைற்றாக, பிறகு நைத்திரேற்றாக மாற்றின. நஞ்சாக வந்தது வேருக்குப் பசளை. பாத்தியே வடிகட்டி, பாத்தியே தோட்டம்!

இங்கேதான் கணக்கு உதைத்தது. இல்லம் முழுவதையும் சூடாக்கும் அளவுக்கு எரு போட்டால், பயிருக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு நைதரசன் வந்து சேரும். பனிக்காலத்தில் வெயில் குறைவு. வெளிச்சம் இல்லாமல் இலை நைத்திரேற்றைச் செரிக்காது, தனக்குள் சேர்த்து வைக்கும். வலிகாமத்துக் கிணத்துத் தண்ணியால் நைத்திரேற்று என்ற சொல் எங்களுக்கும் பழக்கம்தானே. அங்கே அது சாப்பிடுகிற இலைக்குள் போய் நின்றது. காற்றிலிருந்து போனது கோப்பைக்கு வந்தது.

இதை மறைக்காமல் அவர்களே எழுதி வைத்தார்கள் என்பதால்தான் இன்று எங்களால் இந்தக் கதையைச் சொல்ல ஏலுது. எருவைப் பயிரின் தேவைக்கு அளந்தால் சூடு காணாது. மிச்சத்துக்கு வெயிலையோ வேறு அடுப்பையோதான் நம்ப வேண்டும். 1980களின் நடுவில் எண்ணெய் விலை விழுந்தது, அவசரமும் தணிந்தது. அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில் இன்ஸ்ரிரியூட்டும் மூடப்பட்டது.