பாக்கியை வைத்துக்கொண்டு தர்மமா? சூப்பர் மார்க்கெட்டுகளும் சமூகப் பொறுப்பும்

பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனங்கள் ஆண்டுதோறும் வரவு செலவு அறிக்கையோடு இன்னொரு அறிக்கையையும் வெளியிடுகின்றன. பள்ளிகளுக்குக் கொடுத்த உதவி, ஏழைகளுக்கு வழங்கிய உணவு, குறைத்த பிளாஸ்டிக் ஆகியவை அதில் இடம்பெறும். இதற்கு ‘நிறுவன சமூகப் பொறுப்பு’ என்று பெயர், சுருக்கமாக சிஎஸ்ஆர். நல்ல காரியங்கள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு நிறுவனம் கொடுத்ததை மட்டும் பார்த்து அதன் பொறுப்பை அளந்துவிட முடியுமா? கொடுக்க வேண்டியதைக் கொடுத்ததா என்று யார் பார்ப்பது? நம் சமுதாயத்தில் கடை நடத்துவோரும் கடைகளுக்குச் சரக்கு போடுவோரும் ஏராளம். ஆகவே இந்தக் கேள்வி நமக்கும் உரியது.

யாருக்குப் பொறுப்பு?

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்ட்டன் ஃப்ரீட்மன் 1970-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், சட்டத்துக்கும் நேர்மைக்கும் உட்பட்டு லாபம் ஈட்டுவதே நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்று வாதிட்டார். 1984-இல் எட்வர்ட் ஃப்ரீமன் வேறொரு பார்வையை விரிவாக முன்வைத்தார். பங்கு வைத்திருப்பவர் மட்டுமல்ல, வாடிக்கையாளர், தொழிலாளி, சரக்கு தருபவர், அக்கம்பக்கத்து மக்கள் என நிறுவனத்தால் நன்மையோ தீமையோ அடையும் எல்லாரும் அதில் ஒரு தரப்பு என்பது அவர் கருத்து.

கேட்க அழகாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இந்தத் தரப்புகளின் நலன்கள் ஒன்றோடொன்று மோதும். வாடிக்கையாளருக்கு விலை குறைய வேண்டும், விவசாயிக்கு விலை ஏற வேண்டும், தொழிலாளிக்குச் சம்பளம் உயர வேண்டும், பங்குதாரருக்கு லாபம் கூட வேண்டும். எல்லாம் ஒரே கல்லாப்பெட்டியிலிருந்துதான் வர வேண்டும்.

பிரிட்டனின் பால் விலைப் பிரச்சினை இதற்குத் தெளிவான உதாரணம். 2015-இல் அங்கு பண்ணைகளில் பாலுக்குக் கிடைத்த விலை உற்பத்திச் செலவுக்கும் கீழே போனது. உலகச் சந்தையில் பால் மிகுந்துபோனது ஒரு காரணம். சூப்பர் மார்க்கெட்டுகளின் விலைப்போட்டியும் விவசாயிகளின் கோபத்துக்கு ஆளானது. ஆகஸ்ட் மாதம் ஸ்டாஃபோர்ட் நகரில் ஆஸ்டா கடைக்குள் விவசாயிகள் பசுமாடுகளையே ஓட்டிவந்தார்கள். அதன் பிறகு ஆஸ்டா கொள்முதல் விலையை உயர்த்தியது. மாரிஸன்ஸ், லிட்டருக்கு 10 பென்ஸ் கூடுதலாக வாங்கி அதை விவசாயிக்கே சேர்க்கும் தனிப் பாலை விற்பனைக்கு வைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலிவான பால் ஏழைக் குடும்பத்துக்கு உண்மையான உதவி. ஆகவே விலையைக் குறைப்பதே பாவம் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் குறைவின் சுமையை யார் தலையில் ஏற்றுகிறோம் என்பதுதான் கேள்வி.

டெஸ்கோ தரும் பாடம்

1919-இல் கிழக்கு லண்டன் சந்தையில் ஜாக் கோஹன் போட்ட ஒரு கடையிலிருந்து வளர்ந்தது டெஸ்கோ. இன்று பிரிட்டனின் மிகப் பெரிய சூப்பர் மார்க்கெட் அதுதான். அதன் நற்பணிகளும் பெரியவை. 1992 முதல் பல ஆண்டுகள் பள்ளிகளுக்குக் கணினி வாங்கிக்கொடுக்கும் திட்டத்தை நடத்தியது. 2013-இல், முதல் ஆறு மாதத்தில் தன் கடைகளிலும் கிடங்குகளிலும் 28,500 டன் உணவு வீணானது என்று தானே வெளிப்படையாக அறிவித்தது. தன் குறையைத் தானே சொல்லும் துணிவு எல்லா நிறுவனங்களுக்கும் வராது.

அதே காலத்தில் கொடுக்கல் வாங்கலில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. 2014 செப்டம்பர் 22 அன்று, அரையாண்டு லாபத்தைச் சுமார் 25 கோடி பவுண்டு கூட்டிக் காட்டிவிட்டதாக டெஸ்கோ அறிவித்தது. சரக்கு தரும் நிறுவனங்களிடமிருந்து வரவேண்டிய தொகைகளை முன்கூட்டியே வரவு வைத்ததும், செலவுகளைத் தள்ளி எழுதியதும் காரணம். 2017-இல் அதன் துணை நிறுவனம் 12.9 கோடி பவுண்டு அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. வழக்குத் தொடரப்பட்ட முன்னாள் அதிகாரிகள் மூவரும் பின்னர் விடுவிக்கப்பட்டார்கள் என்பதையும் நீதிக்காகச் சொல்ல வேண்டும்.

நம் தலைப்புக்கு இன்னும் நெருக்கமானது அடுத்த விவகாரம். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் சரக்கு தருபவர்களை நடத்தும் விதத்துக்கு பிரிட்டனில் 2010 முதல் கட்டாய நெறிமுறை உண்டு. அதைக் கண்காணிக்க 2013-இல் ஒரு நடுவர் பதவி ஏற்படுத்தப்பட்டது. முதல் நடுவர் கிறிஸ்டின் டேக்கன் டெஸ்கோவை விசாரித்து 2016 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டார். கொடுக்க வேண்டிய பணத்தை டெஸ்கோ தாமதப்படுத்தியது, நெறிமுறையைக் கடுமையாக மீறியது என்பது அவர் முடிவு. விலை தவறாகப் பதிவானதால் ஒரு நிறுவனத்துக்குச் சேரவேண்டிய பல மில்லியன் பவுண்டு, தவறு தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே திரும்பக் கிடைத்தது. கணக்கில் காட்ட வேண்டிய லாப இலக்கு குறையக்கூடாது என்பதற்காக, குறிப்பிட்ட தேதிக்கு முன் பணம் கொடுக்க வேண்டாம் என்ற தொனியில் உள் மின்னஞ்சல்களும் இருந்தன.

அபராதம் விதிக்கும் அதிகாரம் நடுவருக்குக் கிடைத்தது 2015 ஏப்ரலில். அதற்கு முந்தைய மீறல்கள் என்பதால் அபராதம் இல்லை. மாறாக, சரக்குக்குரிய பணத்தில் தன்னிச்சையாகப் பிடித்தம் செய்யக்கூடாது, பிடித்தத்தை ஆட்சேபிக்க 30 நாள் தர வேண்டும் என்பன போன்ற பரிந்துரைகளை அவர் விதித்தார். டெஸ்கோ மன்னிப்புக் கேட்டு நடைமுறையைத் திருத்தியது. நெறிமுறை தொடர்பான பிரச்சினையைச் சந்தித்ததாகச் சொன்ன சரக்கு நிறுவனங்கள் 2014-இல் 79 சதவீதம். 2019-இல் அது 41 சதவீதமாகக் குறைந்தது. கண்காணிப்பு இருந்தால் சந்தை திருந்தும் என்பதற்கு இது சான்று. ஆனால் இந்த நெறிமுறை நேரடியாகச் சரக்கு தருபவரை மட்டுமே காக்கும். அவருக்குப் பின்னால் நிற்கும் விவசாயி அதற்குள் வரமாட்டார்.

மார்க்கம் வகுத்த வரிசை

இந்த மோதலில் மார்க்கம் கோட்டை எங்கே போடுகிறது? விலை ஏறியபோது தோழர்கள் கேட்டும் நபி (ஸல்) அவர்கள் விலையை நிர்ணயிக்க மறுத்துவிட்டார்கள். பேரம் பேசுவதும் மலிவாக வாங்கி மலிவாக விற்பதும் ஆகுமானவையே. ஆனால் சந்தை நிலவரம் தெரியாமல் வரும் வணிகக் கூட்டத்தை வழியிலேயே மறித்து வாங்குவதைத் தடுத்தார்கள். ஃபிக்ஹு நூல்களில் இதற்கு ‘தலக்கீ அர்ருக்பான்’ என்று பெயர். சரக்கு கொண்டுவருபவரின் அறியாமையை லாபமாக்கக்கூடாது என்பது இதன் கருத்து.

ஒப்பந்தம் முடிந்த பிறகு இன்னும் கடுமை. ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி திருக்குர்ஆன் கட்டளையிடுகிறது. வசதி உள்ளவர் கடனைத் தள்ளிப்போடுவது அநியாயம் என்று புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் ஹதீஸ் வந்துள்ளது. ஆக, கறாராகப் பேரம் பேசுவது வியாபாரம். பேசி முடித்த பணத்தைப் பிடித்துவைப்பது ளுல்ம்.

முஸ்லிமில் வரும் ‘முஃப்லிஸ்’ ஹதீஸ் நாம் அறிந்ததே. மறுமையில் ஒருவர் தொழுகை, நோன்பு, ஸகாத்தோடு வருவார். ஆனால் ஒருவரைத் திட்டியிருப்பார், இன்னொருவரின் பொருளைத் தின்றிருப்பார். அவரது நன்மைகள் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பங்கிடப்பட்டுத் தீர்ந்துபோகும். சமூகப் பொறுப்பு அறிக்கைகளைப் படிக்கும்போது இந்த ஹதீஸை அருகில் வைத்துக்கொள்வது நல்லது. அடியார்களின் ஹக்கை ஸதக்காவால் ஈடுசெய்ய முடியாது.

இந்தியச் சட்டம் சொல்வது

நம் நாட்டில் இதே கேள்வி சட்டமாகவே வந்துள்ளது. 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி இவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தன் ஊழியருக்குச் செய்யும் நன்மையை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அது கடமை, தர்மம் அல்ல என்று இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

அந்தக் கடமைகளுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் வட்டியும் விதிக்கிறது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தம் செய்தது. நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் பெண்களுக்கு அந்த நாற்காலி, எந்த அன்பளிப்பையும்விடப் பெரிது.

நாம் என்ன செய்யலாம்?

கடை நடத்துவோர் ரமழானில் ஸதக்கா பட்டியல் எழுதும் முன் பாக்கிப் பட்டியலை எழுதலாம். முட்டை போட்டவர், காய்கறி கொண்டுவந்தவர், சம்பள முன்பணம் கேட்டு நிற்கும் பையன் என எல்லாரும் அதில் இருக்க வேண்டும். திரும்ப வந்த சரக்குக்குக் கழிவு பிடித்தால் காரணத்தை எழுதிக் கொடுக்கலாம். பள்ளிவாசல், மதரஸா நிர்வாகிகள் பெரிய நன்கொடையாளரைப் பாராட்டும் மேடையில், ஊழியருக்கும் சரக்கு தருபவருக்கும் நேரத்தில் பணம் கொடுப்பவரையும் பாராட்டலாம். வாங்கும் நாம், விலைச்சீட்டைப் பார்ப்பதோடு பில் போடும் பெண்ணுக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா என்றும் ஒரு முறை பார்க்கலாம். இல்லையென்றால் முதலாளியிடம் மென்மையாகக் கேட்கலாம்.

பிறருடைய ஹக்கை உரிய நேரத்தில் நிறைவேற்றும் நல்ல மனதையும், அதன் மூலம் நம் வியாபாரங்களில் பரக்கத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.