நேர்காணலுக்கு முந்திய நேர்காணல்: பொறியியல் கல்லூரியின் வைவாவும் வேலைக்கான ஆயத்தமும்

தொழிற்கல்விப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2021-இல் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் கல்லூரிகளுக்குள் நுழைந்த முதல் அணி 2025-இல் படிப்பை முடித்து வெளியேறியது. அதற்கும் முன்பே, 2010-இல், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை கிடைத்தது. அதே ஆண்டு அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கின. கல்லூரியின் நுழைவாயிலைத் திறப்பதற்கு இந்த மாநிலம் செலவழித்த உழைப்பு பெரியது. ஆனால் கல்லூரியிலிருந்து வேலைக்குப் போகும் வாசலில் இருபது நிமிட உரையாடல் ஒன்று காத்திருக்கிறது. அதற்கு நம் மாணவர்களை ஆயத்தப்படுத்தும் முறை தவறான இடத்தில் நடக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். கடைசி ஆண்டின் 'சாஃப்ட் ஸ்கில்' வகுப்பில் நாம் தேடுகிற நேர்காணல் பயிற்சி, முதலாண்டிலிருந்தே ஆய்வகத்தில் வைவா என்ற வாய்மொழித் தேர்வின் பெயரில் நடந்துகொண்டிருக்க வேண்டியது. அதை நாமே சடங்காக்கிவிட்டோம்.

இன்றைய பயிற்சி எப்படி நடக்கிறது என்பதை நம் கல்லூரிகளில் இருந்தவர்கள் அறிவார்கள். 'கேம்பஸ்' நெருங்கும்போது பிளேஸ்மென்ட் பிரிவு வெளியிலிருந்து பயிற்சியாளர்களை அழைக்கிறது. சில நாள் வகுப்பு நடக்கிறது: உட்காரும் முறை, கைகுலுக்கும் முறை, சட்டை நிறம், ஷூ. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்விக்கு ஆங்கிலத்தில் எட்டு வரி எழுதித் தரப்படுகிறது. ஒரே வகுப்பின் அறுபது பேரும் அந்த எட்டு வரியில் ஊர்ப்பெயரையும் பள்ளிப்பெயரையும் மாற்றி ஒப்பிக்கிறார்கள். பலவீனம் என்னவென்று கேட்டால், எடுத்த வேலையை முடிக்காமல் தூங்கமாட்டேன் என்று எல்லோரும் ஒரே பலவீனத்தைச் சொல்கிறார்கள். இந்தப் பயிற்சியாளர்களை நான் குறை சொல்லவில்லை. ஐந்து நாளில் வேறு எதைக் கற்பிக்க முடியும்? 2022 மார்ச் 1 அன்று ஆண்டுக்கு 10 லட்சம் இளைஞர்கள் என்ற இலக்கோடு தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டம் திறன் பயிற்சியைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவர முயன்றது. திசை சரியானது. ஆனாலும் திறன் என்பது பாடத்துக்கு வெளியே இருந்து வந்து சேரவேண்டிய ஒன்று என்ற எண்ணம் கல்லூரிகளில் மாறவில்லை.

நேர்காணல் எதை அளக்கிறது என்பது குறித்துத் தொழில் உளவியலில் நீண்ட ஆய்வு மரபு உண்டு. 1998-இல் ஷ்மிட், ஹன்டர் ஆகிய இருவரும் எண்பத்தைந்து ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் கட்டமைந்த நேர்காணல், பின்னாளில் வேலையில் காட்டும் திறமையை முன்கூட்டிச் சொல்லும் வலிமை 0.51 என்றும், மனம்போனபடி பேசிப் பார்க்கும் நேர்காணலுக்கு அது 0.38 என்றும் கணக்கிட்டார்கள். 2022-இல் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். கட்டமைந்த நேர்காணல் 0.42-உடன் தேர்வுமுறைகளில் முதலிடத்தில் நின்றது, கட்டமையாதது 0.19-க்குச் சரிந்தது. கட்டமைந்த நேர்காணலின் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு வகை. 1980-இல் லேதமும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்தது, 'இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள்?' என்பது. 1982-இல் ஜான்ஸ் முன்வைத்தது, 'இப்படி ஒரு நிலைமை வந்தபோது என்ன செய்தீர்கள்?' என்பது. இரண்டுக்கும் ஒப்பித்த எட்டு வரி பயன்படாது. செய்த வேலையை, அது இடறிய இடத்தோடு சேர்த்து, வரிசையாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

இங்கேதான் நம் மாணவர் வாயடைத்துப் போகிறார். காரணம் கூச்சம் என்கிறோம், ஆங்கிலம் என்கிறோம். அவருடைய ரெக்கார்டு நோட்டைத் திறந்து பார்த்தால் வேறொரு காரணம் தெரியும். நோக்கம், கருவிகள், சூத்திரம், செய்முறை, அட்டவணை, முடிவு: நான்காண்டு முழுக்க எல்லா ஆய்வகங்களிலும் இதே வரிசைதான். செய்முறை முழுவதும் செயப்பாட்டு வினையில் இருக்கும். கலவை தயாரிக்கப்பட்டது, அச்சில் ஊற்றப்பட்டது, அளவு குறிக்கப்பட்டது. யார் செய்தார் என்பதற்கு அந்த நோட்டில் இடமே இல்லை. முடிவு எப்போதும் சரியாக வந்திருக்கும். வராவிட்டால், போன ஆண்டு அண்ணனின் நோட்டிலிருந்து எண்கள் வந்து சேரும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு நோட்டுகளை எழுதி முடித்த மாணவரிடம், 'நீங்கள் சந்தித்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள்' என்றால் அவர் எங்கே போவார்? சிக்கல்களை அழித்து எழுதியதற்குத்தான் அவருக்கு மதிப்பெண் கொடுத்திருக்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். கட்டுமானப் பொறியியல் மாணவர் கான்கிரீட் ஆய்வகத்தில் எம்-20 கலவையில் 150 மில்லிமீட்டர் கட்டிகள் மூன்று வார்க்கிறார். அவற்றை 28 நாள் நீரில் ஊறவைத்து அமுக்க இயந்திரத்தில் நசுக்க வேண்டும். கட்டியின் முகப்பரப்பு 22,500 சதுர மில்லிமீட்டர். எம்-20 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன்; எனவே ஒவ்வொன்றும் 450 கிலோநியூட்டன் சுமையையாவது தாங்கும் என்பதே எதிர்பார்ப்பு. இடையில் பொங்கல் விடுமுறை வருகிறது. தொட்டியில் தண்ணீர் வற்றியதை யாரும் பார்க்கவில்லை. நசுக்கும்போது ஒரு கட்டி 360-இலேயே உடைகிறது. அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 16 நியூட்டன்தான். நோட்டில் என்ன ஏறும் என்பது நமக்குத் தெரியும்: 22 என்று ஏறும், கையெழுத்தும் விழும்.

ஆனால் அந்த 360 தான் அவர் கையில் கிடைத்த செல்வம். ரெடிமிக்ஸ் நிறுவனத்திலோ பாலம் கட்டும் ஒப்பந்த நிறுவனத்திலோ நேர்காணலில் உட்காரும் பொறியாளர் கேட்க விரும்புவது இதைத்தான்: கட்டி தோற்றால் என்ன செய்வாய்? மற்ற இரண்டு கட்டிகளும் என்ன காட்டின, மூன்றும் சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருந்தனவா, ஒன்று மட்டும் விலகியதா? அச்சில் ஊற்றும்போது சரியாகக் குத்தாமல் உள்ளே காற்றுப் பொந்து விழுந்ததா, தண்ணீர் கூடிப்போயிற்றா, ஊறல் போதவில்லையா? தளத்தில் போட்ட கான்கிரீட்டும் இப்படித்தான் இருக்கும் என்று எப்படித் தீர்மானிப்பாய்? தொட்டி வற்றியதைத் தானே கண்டுபிடித்து, அடுத்த முறை யார் எந்த நாளில் தண்ணீர் பார்ப்பது என்று அட்டை எழுதி மாட்டிய ஒரு மாணவருக்கு இந்தக் கேள்விகள் எதுவும் புதியதல்ல. 22 என்று எழுதியவருக்கு எல்லாமே புதியவை.

இதே மாணவரின் தாய் சித்தாளாகவும் தந்தை கொத்தனாராகவும் இருக்கலாம். முதல் பட்டதாரிகள் பலருடைய வீடு அப்படிப்பட்டதுதான். தண்ணீரைக் கூட்டினால் கலவை இளகிக் கை ஓடும், ஆனால் காய்ந்தபின் பலம் இருக்காது என்பதை அவர் பத்து வயதிலேயே கேட்டிருப்பார். நீர்-சிமெண்ட் விகிதம் என்று பாடநூல் சொல்வதும் அதைத்தான். பயிற்சி வகுப்போ, அப்பா என்ன செய்கிறார் என்ற கேள்விக்குக் 'கட்டுமானத் துறையில் இருக்கிறார்' என்று மழுப்பிச் சொல்லக் கற்றுக்கொடுக்கிறது. அந்த எச்சரிக்கையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், டெல்லி வட்டாரப் பெருநிறுவனங்களின் மனிதவள மேலாளர்கள் தகுதி ஒன்றையே பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, விண்ணப்பதாரரின் குடும்பப் பின்னணியைக் கேட்டறிவதை மிக இயல்பாக எடுத்துக்கொண்டதைப் பதிவு செய்தார்கள். அதே ஆண்டு தோரட்டும் அட்டுவெல்லும் செய்த ஆய்வில், தகுதி ஒன்றாக இருந்தும் பெயரால் தலித் என்றும் முஸ்லிம் என்றும் தெரியும் விண்ணப்பங்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. அமெரிக்காவின் உயர்மட்ட நிறுவனங்களைப் பற்றி லாரன் ரிவேரா 2012-இல் எழுதியதும் இதற்கு உறவானது. தேர்வு செய்பவர்கள் தம்மைப் போலவே பொழுதுபோக்கும் பேச்சும் உள்ளவர்களைத் திறமைசாலிகள் என்று எண்ணிவிடுகிறார்கள்.

ஆகவே வீட்டைச் சொல்வதா மறைப்பதா என்பதை மாணவரே முடிவு செய்யட்டும். அது அவர் உரிமை. ஆனால் வீட்டில் கற்றதைப் பாடத்தோடு சேர்த்துப் பார்க்க அவருக்கு ஒரு சந்தர்ப்பமாவது கல்லூரி தந்திருக்க வேண்டும். குடும்பப் பின்னணி என்பது நேர்காணலில் ஒரு கண்ணியாகத் திரும்புவதற்கு முன், வகுப்பில் ஓர் அறிவாக மதிக்கப்பட்டிருந்தால் அவர் நிமிர்ந்து உட்காருவார். நிமிர்ந்து உட்காரும் பயிற்சி தனியாக வேண்டியிருக்காது.

மொழி குறித்தும் ஒரு சொல். செய்ததை முதலில் தமிழில் முழுதாகச் சொல்லிப் பழகாத மாணவரை நேரே ஆங்கிலத்துக்குத் தள்ளும்போது, அவர் சொற்களை மட்டுமல்லாமல் சொல்ல வேண்டிய விஷயத்தையும் இழக்கிறார். 'நாங்க செஞ்சோம் சார்' என்பதிலிருந்து 'நான் செய்தது இது, மற்றவர் செய்தது அது' என்பதற்கு வருவதே பெரிய தாண்டல். அதைத் தாய்மொழியில் தாண்டுவது எளிது. ஆங்கிலம் அதன்பின் வரும், வரவும் வேண்டும். குடிமைப் பணித் தேர்வின் ஆளுமைத் தேர்வையே தமிழில் எதிர்கொள்ள விதி இடம் தருகிறது. 2,025 மதிப்பெண்ணில் 275 மதிப்பெண் அந்த உரையாடலுக்கு உரியது. நாட்டின் உயர்ந்த பணிக்கே தமிழில் பேசலாம் என்றிருக்க, நம் ஆய்வகத்து வைவாவில் தமிழுக்கு ஏன் இவ்வளவு தயக்கம்?

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கது ஒன்று உண்டு, அது வலுவானது. பெருந்தொகையாக ஆள் எடுக்கும் நிறுவனங்களில் மாணவர் நேர்காணல் அறைவரை போவதே அரிது. பத்தாம் வகுப்பிலிருந்து 60 விழுக்காடு, அரியர் இருக்கக் கூடாது, ஆன்லைன் ஆப்டிட்யூட் தேர்வு, ஆங்கில உச்சரிப்பைக் கணினியே அளக்கும் சுற்று என்று வரிசையாகச் சல்லடைகள். வைவாவைத் திருத்தினால் இந்தச் சல்லடைகள் அகலமாகிவிடுமா? ஆகாது. ஆப்டிட்யூட் பயிற்சியும் ஆங்கிலப் பயிற்சியும் தேவை, இன்னும் முன்பே தொடங்கப்படவும் வேண்டும். ஆனால் சல்லடையைத் தாண்டி வந்தவர் உள்ளே போய் வெறுங்கையோடு திரும்புவதற்கு அந்தப் பயிற்சிகள் மருந்தாகா. கேம்பஸுக்கு எந்த நிறுவனமும் வராத, ஊரிலிருந்து விலகிய கல்லூரிகளின் மாணவர்களுக்கு அந்தச் சல்லடைகளே பொருந்துவதில்லை. அவர்கள் வேலை தேடுவது சிறு நிறுவனங்களில். அங்கே முதலாளியோ தலைமைப் பொறியாளரோ நேரே உட்காரவைத்து, 'என்ன தெரியும்?' என்றுதான் கேட்கிறார்.

அந்தத் தேடலும் தனிப் பாடம். சமூகவியலாளர் கிரானோவெட்டர் மாசசூசெட்ஸின் நியூட்டன் நகரில் ஆய்ந்து 1973-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அறிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் 16.7 விழுக்காட்டினருக்கே அந்த அறிந்தவர் அடிக்கடி சந்திப்பவர்; மற்றவர்களுக்கு எப்போதாவது காண்பவர். வேலைச் செய்தி தூரத்துப் பழக்கங்களின் வழியாகத்தான் வருகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு நெருங்கிய சொந்தம் நிறைய உண்டு. அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கும் தூரத்துப் பழக்கம் இல்லை. அவருக்கு அதைத் தரக்கூடியவர்கள் சீனியர்களும், ஆண்டுதோறும் வேறு கல்லூரியிலிருந்து வைவாவுக்கு வரும் வெளித் தேர்வாளர்களும், தொழிற்சாலைப் பார்வையிடலில் சந்திக்கும் பொறியாளர்களும்தான். இவர்களோடு நடக்கும் பேச்சு மனத்தில் நிற்கும்படி இருந்தால் அதுவே ஒரு பழக்கம்.

கடைசி ஆண்டு புராஜெக்டும் இதே கதைதான். பணம் கொடுத்தால் செய்து தருவதற்குச் சென்டர்கள் இருக்கின்றன. மாணவர் விளக்கவுரையை மனப்பாடம் செய்கிறார். 'உங்கள் புராஜெக்டைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பது எல்லா நேர்காணலிலும் வரும் கேள்வி. விலைக்கு வாங்கியதைப் பற்றி இரண்டாவது கேள்வி வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. வழிகாட்டிப் பேராசிரியருக்கும் அது தெரியும். இதில் பேராசிரியர்களாகிய நமக்கிருக்கும் பொறுப்பை மாணவர் தலையில் ஏற்றிவிட முடியாது.

பணி கொடுப்பவர்கள் தரப்பிலும் மாற வேண்டியது உண்டு. மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் குரூப் 'சி' பணிகளுக்கும் அரசிதழில் பெயர் வராத குரூப் 'பி' பணிகளுக்கும் நேர்காணலையே நீக்கியது. சிபாரிசும் பாரபட்சமும் நுழையும் வழி அது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். தனியார் நிறுவனங்கள் நேர்காணலை விட்டுவிட வேண்டாம். குடும்பத்தைப் பற்றிய கேள்வியை விட்டுவிட்டு எல்லோரிடமும் செய்த வேலையைப் பற்றி ஒரே கேள்விகளைக் கேட்டால் அவர்களுக்கே நல்ல ஆள் கிடைப்பார் என்பதைத்தான் மேலே சொன்ன 0.42-உம் 0.19-உம் காட்டுகின்றன.

வைவாவை மீட்பதற்குப் பெரும் செலவு இல்லை. செய்முறைத் தேர்வு மூன்று மணி நேரம். ஓர் அணியில் முப்பது பேர் என்று கொள்வோம். ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றால் 150 நிமிடம். உள்தேர்வாளர் கருவிகளையும் அட்டவணைகளையும் பார்த்துக்கொண்டால், வெளித் தேர்வாளருக்கு அந்த நேரம் இருக்கிறது. ஒரு மாணவர் படிப்பு முடிவதற்குள் இப்படிக் குறைந்தது பத்து முறை, முன்பின் தெரியாத ஒருவர் முன் உட்கார்ந்து தான் செய்த வேலையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசியிருப்பார். ரெக்கார்டு நோட்டில் 'முடிவு' என்ற தலைப்புக்குக் கீழே ஒரு பக்கம் கூடுதலாக வேண்டும். எது எதிர்பார்த்தபடி வரவில்லை, நான் அதற்கு என்ன செய்தேன் என்று செய்வினையில், விரும்பினால் தமிழில், மாணவர் அதில் எழுதட்டும். தேர்வாளர் முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து, அங்கிருந்து கேள்வியைத் தொடங்கட்டும். அந்தப் பக்கத்தில் 360 என்று எழுதியவருக்கு மதிப்பெண் குறையாது என்ற உறுதியை மட்டும் துறைத்தலைவர் செமஸ்டரின் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.