கடாரத்தில் உயர்கல்வி: தரமும் கற்பித்தலும்

கெடா மாநிலத்தில் பீடோங் நகருக்கு அருகே ஹார்வார்ட் என்னும் பெயருடைய தோட்டம் ஒன்று உண்டு. கூலிம் வட்டாரத்தில் டப்ளின் என்னும் தோட்டமும் உண்டு. கேட்பவர் செவிக்கு இரண்டும் பல்கலைக்கழகப் பெயர்களாகவே ஒலிக்கும். ஆனால், கடாரத்து மண்ணில் அவை பிரிவு எண்களோடு சேர்ந்தே வழங்கின. அப்பிரிவுகளில் லயங்கள் இருந்தன, பால்மரங்கள் இருந்தன, தமிழ்ப்பள்ளிகளும் இருந்தன. அப்பள்ளிகளில் படித்த பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர்க்கு ஆறாம் வகுப்போடு, அல்லது அதற்கும் முன்பாகவே, கல்வி முடிந்தது. அங்கிருந்து பல்கலைக்கழகத்தின் வாயில் எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதே இவ்வரலாற்றின் முதற்கேள்வி. வாயிலைக் கடந்தவனுக்கு உள்ளே என்ன கிடைத்தது என்பது இரண்டாவது.

1909-இல் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷார் வசம் வந்த கெடா, கூட்டு மலாய் மாநிலங்களில் சேராத மாநிலமாக விளங்கியது. 7 முதல் 14 அகவைக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று கூட்டு மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வற்புறுத்தியது. கெடாவிலும் தோட்டப்பள்ளி ஏறத்தாழ அதே வடிவில்தான் எழுந்தது. பல இடங்களில் கிராணியே ஆசிரியர். சில இடங்களில் கங்காணி. காலைப் பெரட்டு முடிந்து வேலைகள் ஓய்ந்த பின்னரே எழுத்துப்பாடம். சட்டத்தின் எழுத்து நிறைவேறியது. பள்ளி இருந்தது, கற்பித்தல் இருந்ததா என்று எவரும் கேட்கவில்லை.

இதே கேள்வி மிக உயர்ந்த தளத்திலும் எழுந்தது. கார்-சாண்டர்ஸ் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி, சிங்கப்பூரின் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் இராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து 1949-இல் மலாயாப் பல்கலைக்கழகமாயின. அதில் இந்திய ஆய்வியல் துறை ஒன்றை நிறுவ எண்ணியபோது, கருத்துரைக்க அழைக்கப்பெற்றவர் பேராசிரியர் க. அ. நீலகண்ட சாஸ்திரியார். வடமொழிக்கு முதன்மை தரும் வகையில் அமைந்த அவர் பரிந்துரை மலாயாத் தமிழரிடையே பெரும் கிளர்ச்சியை எழுப்பியது. இராசேந்திர சோழன் 1025 அளவில் கடாரம் கொண்ட செய்தியையும் தமிழ்க் கல்வெட்டுகளின் துணையால் உலகறியச் செய்தவர்களுள் தலையாயவர் சாஸ்திரியார். அவரிடமிருந்தே இப்பரிந்துரை வந்தது வியப்புக்குரியது. எனினும், அவருடைய கருத்தை வெறும் பகைமையாகக் கொள்வது நேர்மையாகாது. பண்டை மொழியில் ஊன்றி நிற்பதே ஆய்வின் தரம் என்பது அக்காலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் நம்பிக்கை. தோட்டத்துத் தொழிலாளியின் மொழியே உயராய்வுக்குரிய மொழியும் ஆகும் என்பதை ஏற்க அந்நம்பிக்கை தயங்கியது.

தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி இதற்கு எழுத்தால் மட்டும் விடையளிக்கவில்லை. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டிப் பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்திற்கு வழங்க முற்பட்டார். வணிகர் தந்தனர், ஆசிரியர் தந்தனர், பால்மரம் வெட்டிய கூலியிலிருந்து தொழிலாளரும் தந்தனர். 1956-இல் துறை தமிழை ஏற்றுத் தொடங்கியது. பின்னர் கோலாலம்பூருக்கு மாறியது. இங்கே ஒரு முரண் நெஞ்சை உறுத்துகிறது. கூலியில் பங்கு கொடுத்த தொழிலாளியின் மகன் அந்நூலகத்துள் நுழைய வழியில்லை. தமிழ்வழி இடைநிலைக் கல்வி தோட்டத்தில் இல்லை. பல்கலைக்கழகமோ ஆங்கிலவழிப் பள்ளியிலிருந்து வந்தவர்க்கே திறந்திருந்தது.

1961-இல் துறைத்தலைமையை ஏற்றவர் தனிநாயகம் அடிகளார். ‘தமிழ் கல்ச்சர்’ இதழை 1952 முதல் நடத்தியவர். 1964-இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற வழிகோலியவர். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியவர். அம்மாநாட்டைத் தொடக்கிவைத்த பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அலோர்ஸ்டாரில் பிறந்த கெடா இளவரசர் என்பது கடாரத்தார் மகிழ்ந்து நினைக்கும் செய்தி. அடிகளாரின் ஆராய்ச்சிப் புகழ் பலரும் அறிந்தது. அவர் கல்வியியல் ஆசிரியராகவும் இருந்தவர் என்பதைச் சிலரே நினைக்கின்றனர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அவர் விரிவுரையாற்றியது கல்வித் துறையில். இலண்டனில் முனைவர் பட்டத்திற்கு ஆராய்ந்ததும் பண்டைத் தமிழர் கல்விச் சிந்தனையைப் பற்றியே. உலகத்து அறிஞர் அவைக்கு ஏற்ற ஆய்வும், எதிரில் அமர்ந்திருக்கும் மாணவனுக்கு ஏற்ற பாடமும் ஒரே மனிதரிடம் கூடியது தற்செயல் அன்று. 1969-இல் அவர் விலகிய பின், அத்தகைய இணைப்பை ஒருவரிடமே எதிர்பார்ப்பது அரிதாயிற்று.

அதே காலத்தில் கெடாவிலேயே மற்றொரு சான்று இருந்தது. மெர்போக் அருகே புக்கிட் பத்து பகாட் அடிவாரத்திலிருந்த கோயில் இடிபாட்டை 1930-களில் குவாரிச் வேல்ஸ் ஆராய்ந்திருந்தார். 1959-60-இல் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று ஆசிரியர் அலஸ்டெர் லாம்ப் அதைக் கல்கல்லாக மீட்டமைத்தார். அடித்தளத்தில் கிடைத்த கற்பேழைகள் பற்றிய அவருடைய ஆய்வு அறிஞருக்கு உரியது; மீண்டும் எழுந்து நின்ற கோயிலோ எழுத்தறியாதவனுக்கும் பாடம் சொல்லியது. ஆய்வுக்கட்டுரை செய்ய இயலாததை அச்சுவர்கள் செய்தன.

பல்கலைக்கழகமே கெடாவுக்கு வர 1984 ஆகியது. ஜித்ராவில் தற்காலிகமாகத் தொடங்கிய வட மலேசியப் பல்கலைக்கழகம் 1990-இல் சிந்தோக்கின் காட்டுச்சரிவுக்குக் குடியேறியது. மலாய்மொழிவழியில் மேலாண்மைக் கல்வியை முதன்மையாகக் கொண்டது அது. தமிழ்ப்பள்ளியில் தொடங்கிப் புகுமுக வகுப்பைக் கடந்து, ஆறாம் படிவத்தை முடித்து வந்த மாணவனுக்கு இது மூன்றாம் மொழி மாற்றத்தின் விளிம்பு: பேச்சு தமிழ், பாடம் மலாய், நூலகத்து நூல்களிற் பல ஆங்கிலம். தேர்வு எல்லார்க்கும் ஒன்றே. நடந்து வந்த தொலைவு ஒன்றன்று. இத்தகைய மாணவனுக்காகப் பாடத்தை எளிமையாக்குவது தரத்தைத் தாழ்த்துவதாகும் என்பார் உளர். எளிமையாக்குவது வேறு, விளங்கச் செய்வது வேறு. விளங்கச் செய்வதற்கே கூடுதல் புலமை வேண்டும்.

2001-இல் தொடங்கிய எய்ம்ஸ்ட் இன்னும் நெருங்கிய கதை. மலேசிய இந்தியர் கல்வி மேம்பாட்டிற்காக 1984-இல் தோன்றிய எம்.ஐ.இ.டி. அறநிறுவனம் அதனை உருவாக்கியது. தனியார் உயர்கல்விக்கு 1996-ஆம் ஆண்டுச் சட்டம் வழிதிறந்திராவிடில் அது பிறந்திராது. சுங்கைப்பட்டாணியில் தொடங்கி, பீடோங் அருகே செமிலிங்கில் அதன் நிலையான வளாகம் எழுந்தது. ஹார்வார்ட் தோட்டத்துக்கு அருகே, ஒருவழியாக, ஒரு பல்கலைக்கழகம்! மருத்துவக் கல்விக்கு ஒரு நன்மை உண்டு: அங்கே கற்பித்தலை ஒளித்துவைக்க இயலாது. 1905-இல் தோன்றிய சிங்கப்பூர் மருத்துவப் பள்ளியின் பட்டயத்தைப் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் 1916-இல் ஏற்றது முதல் இன்றுவரை, வெளியார் வந்து சோதிப்பது இத்துறையின் மரபு. எய்ம்ஸ்ட் மாணவர்க்குச் சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையின் நோயாளி கட்டிலே வகுப்பறை. அங்கே ஆசிரியர் எத்தனை கட்டுரை வெளியிட்டார் என்பதைக் காட்டிலும், மாணவனின் விரல் நாடியைச் சரியாகப் பிடித்ததா என்பதே முதலில் தெரியவரும்.

பிற துறைகளுக்கு அத்தகைய கட்டில் இல்லை. அவற்றை அளக்க எண்களே உள்ளன. இலண்டன் டைம்ஸ் உயர்கல்வி இதழின் பட்டியலில் 2004-இல் 89-ஆம் இடத்திலிருந்த மலாயாப் பல்கலைக்கழகம் 2005-இல் 169-ஆம் இடத்துக்கு இறங்கியது. நாடே கலங்கியது. முதலாண்டுக் கணக்கில் சீன, இந்திய மலேசியரும் வெளிநாட்டினராக எண்ணப்பட்டதால் மதிப்பெண் கூடியிருந்தது என்பது பின்னர் வெளிப்பட்டது! தோட்டத்தில் பிறந்து வந்த மாணவன், தன் நாட்டுப் பல்கலைக்கழகத்தின் தரத்தை அந்நியனாக நின்று உயர்த்தியிருக்கிறான். பட்டியலின் மயக்கம் அத்தோடு தெளிந்திருக்க வேண்டும், தெளியவில்லை. 2006-இல் மலாயா, அறிவியல், தேசிய, புத்ரா பல்கலைக்கழகங்கள் நான்கும் ஆய்வுப் பல்கலைக்கழகங்களாக அறிவிக்கப்பட்டபின், வெளியீட்டின் எடை மேலும் கூடியது. நன்றாகக் கற்பித்தவருக்கு அத்தராசில் இடம் சிறிது.

ஆய்வு வேண்டாம் என்று சொல்வார் எவருமிலர். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2009 முதல் சுங்கை பத்து பகுதியில் நிகழ்த்திய அகழாய்வு, பழங்கால இரும்புத் தொழிலின் தடயங்களை வெளிக்கொணர்ந்தது. ஆசிரியர் அகழும் குழியில் மாணவரும் இறங்கிக் கற்பது பல்கலைக்கழகத்தின் மிகச் சிறந்த வகுப்பு.

ஆனால், அக்குழிகளுக்குத் தொலைவில்லாத இடத்திலேயே மற்றொன்றும் நிகழ்ந்தது. சுங்கை பத்துவின் 11-ஆம் எண் சண்டி, அறிஞர் வட்டத்தில் வேல்ஸ் காலம் முதலே அறியப்பட்டிருந்தது. அது தனியார் நிலத்தில், அரசிதழில் பாதுகாப்புப் பெறாமல் கிடந்தது. பால்மரம் வெட்டியவர்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து பழகிய வட்டாரம் அது. அவ்வெண் ஆய்வேடுகளிலிருந்து ஊர்ப்பள்ளியின் கரும்பலகைக்கு இறங்கி வந்திருந்தால், நில மேம்பாட்டுப் பணியின் எந்திரம் வந்த நாளில் தடுக்கச் சிலரேனும் ஓடியிருக்கக்கூடும். 2013 டிசம்பரில் செய்தி நாளேடுகளில் வெளியானபோது சண்டி உடைக்கப்பட்டுவிட்டிருந்தது.