சூசையின் மனுவும் நம் மனுவும்

சென்னையில் வீதியோரம் செருப்புத் தைத்துப் பிழைத்தவர் சூசை. 1980-களின் தொடக்கத்தில் அத்தொழிலாளர்க்கு அரசு இலவசப் பெட்டிக்கடை வழங்கிற்று. ஆதிதிராவிட இந்துக்களுக்குக் கிடைத்தது. அதே குலத்தில் பிறந்து கிறிஸ்தவரான சூசைக்கு இல்லை. தடையாய் நின்றது, 1950 ஆகஸ்டு 10-இல் ஜனாதிபதி இராஜேந்திர பிரசாத் பிறப்பித்த ஆணையின் 3-ஆம் பத்தி. சூசை உச்சநீதிமன்றம் வரை சென்றார். மதம் மாறிய பின்னும் அக்கொடுமை அதே கடுமையுடன் தொடர்வதற்குப் போதிய சான்று இல்லையென 1985-இல் மனு தள்ளுபடியாயிற்று. (நம் திருச்சபையின் சில கல்லறைத் தோட்டங்களில் நிற்கும் சாதிச் சுவரையே சான்றாகக் காட்டியிருக்கலாம், சொல்ல நமக்கே வெட்கம்.)

அதே ஆணையில் 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். பாராளுமன்றம் சட்டம் செய்தாலன்றி ஆணை மாறாது. ஆகவேதான் பிரதமருக்கு மனு அனுப்ப நாமும் துணிந்தோம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடித்து வந்த பிள்ளைகளும், கைநாட்டு வைக்கும் பாட்டிமாரும் பூசைக்குப் பின் வரிசையில் நின்றதைப் பங்கு மக்கள் மறந்திருக்கமாட்டீர்கள். “தமிழில் எழுதினால் டில்லியில் யார் சாமி படிப்பாங்க?” என்றார் ஒருவர். அரசியல் சாசனத்தின் 350-ஆம் பிரிவு நம் மொழியிலேயே முறையிட உரிமை தருகிறதென்றோம். தமிழிலேயே போயிற்று.

2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணைக்குழுவும் அப்பத்தியை நீக்கச் சொல்லிற்று. பத்தி இன்னும் நீங்கவில்லை.